கல்சிலுவைப் பாதை

"இடது பக்கம் திருப்பு, அர்மான்."

அர்மான் திருப்பவில்லை. பிரேக்கை மிதித்தான். பின்னால் பெட்டிக்குள் மத்துரேன் நிம்மதியாகப் படுத்திருந்தார். முன் சீட்டில் அவர் மனைவி லெயோந்தீன், கறுப்புக் கோட்டும் கையுறையுமாக, நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, அது சவ வண்டி போற வழியா? மக்காச்சோளம் ஏத்தின டிராக்டரெல்லாம் ஓடி உழுது வச்சிருக்கு. தார் ரோட்டுல போனா இதோ கோயில் வந்துரும்."

"கல்சிலுவைகிட்ட நின்னுட்டுப் போறதுதான் நம்ம ஊர் வழக்கம்."

"அதெல்லாம் குதிரை வண்டிக் காலம். இப்ப யாரு நிக்கறா?"

"இவரு நிப்பாரு."

அர்மானுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டான். கல்யாணத்துக்குப் பிறகு மத்துரேன் கோயில் வாசலை மிதித்ததெல்லாம் அடுத்தவர் சாவுக்குத்தான்.

"அந்தச் சிலுவையைப் பாத்து அண்ணன் தொப்பியக்கூடக் கழட்டினதில்லையே, அக்கா. செத்தப்புறம் என்ன புதுசா பக்தி?"

"ஞாயித்துக்கிழமை நாம பூசைக்குப் போற நேரத்துல அவரு அங்கதான் நடந்து போவாரு."

"முயல் அடிக்கப் போறாருன்னு நினைச்சேன்."

"நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைச்சேன்."

அவள் கண்ணாடியை இறக்கி, பின்னால் வந்த கார்களைப் பார்த்துக் கையசைத்தாள். "நீங்க நேரா கோயிலுக்குப் போங்க. சாமியார் காத்துக்கிட்டிருப்பாரு."

அர்மானுக்கு எரிச்சலாக இருந்தது. வழக்கம் என்றால் சொந்தபந்தமெல்லாம் சிலுவையைச் சுற்றி நிற்க வேண்டாமா? துக்கத்தில் இவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்துக்கொண்டான்.

"சேத்துல மாட்டிக்கிட்டா நாம ரெண்டு பேரும்தான் இவரைத் தூக்கணும், சொல்லிட்டேன்."

"உசுரோட இருந்தப்ப நான் தூக்கிச் சுமக்கலையா? இன்னிக்கும் சுமக்கறேன். நீ ஓட்டு."

அர்மான் இடது பக்கம் திருப்பி ஓட்டினான். சக்கரம் வழுக்கியது, இரண்டு தடவை பெட்டி இடித்தது. ஒரு வழியாக மூன்று பாதை கூடும் இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். சிலுவை பாசி பிடித்து நின்றது. ஒரு பக்கம் இயேசு, மறுபக்கம் குழந்தையோடு மாதா. புரட்சிக் காலத்தில் எவனோ சுத்தியலால் அடித்ததில் மாதாவுக்கு மூக்கு இல்லை. அர்மான் வேண்டாவெறுப்பாக வண்டியை நிறுத்தினான்.

லெயோந்தீன் இறங்கிப் போய்ப் பின்கதவைத் தானே திறந்துவிட்டாள். பிறகு சிலுவையைப் பார்த்து, "வாம்மா, நேரமாகுது" என்றாள்.

கல்லுக்குப் பின்னாலிருந்து கறுப்பு உடையில் ஒருத்தி தயங்கித் தயங்கி வெளியே வந்தாள். வந்த வரனையெல்லாம் தட்டிக் கழித்துவிட்டுக் கூடப்பிறந்தவன் வீட்டிலேயே இருந்துவிட்டவள், இன்று காலை தலைவலி என்று சுருண்டு படுத்திருந்தவள், அர்மானின் தங்கை அர்லெத்.

"நான்தான் வரச் சொன்னேன். கோயில்ல இவ எங்க உக்காந்து அழுவா?" என்றாள் லெயோந்தீன். "நீ கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்க, அர்மான்."