செவலை சொன்ன சொல்

லாரியில் அடிபட்டுக் கால் முறிந்து வந்த செவலை, இப்போது நாய்க் காப்பகத்து முற்றத்தில் ஓடித் திரிந்தது. அதை வளர்க்க ஸ்டெல்லா டீச்சர் ஆசையாக வந்திருந்தார். அவர் தடவியதும், நாயின் மனதைச் சொல்லும் கழுத்துப்பட்டை பேசியது: "வலிக்குது."

காப்பகத்தில் நாய்களைப் பார்த்துக்கொள்ளும் பொற்கொடிக்கு ஒன்றும் புரியவில்லை. வால் ஆடுகிறது, தலையோ டீச்சர் மடியில் கிடக்கிறது. ஆனால், நாய் சம்மதிக்காத வீட்டுக்கு அதை அனுப்பக் கூடாது என்பது சட்டம்.

"என்னைப் பிடிக்கலையோ, தாயி?" டீச்சர் கையை எடுத்துக்கொண்டார்.

"தெரியலையே டீச்சர். காலு நல்லா ஆறிருச்சே!"

குழம்பிப்போய் அவள் செவலையின் காலைத் தொட்டாள். "வலிக்குது" என்றபடி அது அவள் கையை நக்கியது.

கட்டு மாற்றும்போதெல்லாம் அவள்தான் அதை மடியில் போட்டு, "வலிக்குதா கண்ணு, வலிக்குதா?" என்று தடவிக் கொடுப்பாள். கொஞ்சுவதற்கே 'வலிக்குது' என்றுதான் பேர் என்று செவலை நினைத்துவிட்டதோ?

பட்டையைக் கழற்றினாள். "கூட்டிட்டுப் போங்க. சட்டத்துக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். ஆனா இனி நெசமா வலிச்சா எப்படிச் சொல்லும்னுதான் தெரியலை."

"மூஞ்சியப் பாத்தா தெரியாதா?" என்றார் டீச்சர்.