மூடி மேல் கங்கு

சண்முகவள்ளி சுள்ளிக் கட்டோடு திரும்பி வந்தபோது இரும்புச் சட்டி இருந்தது. பக்கத்தில் இருக்க வேண்டிய புருஷனையும் மகளையும்தான் காணவில்லை.

தீ அடங்குகிறது, சுள்ளி பொறுக்கி வருகிறேன், ரெண்டு பேரும் இங்கேயே இருங்கள் என்று அத்தனை தூரம் சொல்லிவிட்டுத்தான் போனாள். போய்க் கால் மணி நேரம் இருக்குமா? சொன்ன சொல் கேட்கிற ஆளா ஜெயமுருகன்! தான் போனது பத்தாதென்று ஒன்பது வயசுப் பிள்ளையையும் இழுத்துக்கொண்டு போயிருக்கிறார். மூடி மேல் கங்கு நன்றாகவே கனன்றுகொண்டிருந்தது. இப்போதுதான் கிளம்பியிருக்க வேண்டும்.

கூக்கால் ஏரிக்கு மேலே, பேரிக்காய்த் தோட்டத்துச் சரிவு அது. சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு வெட்டவெளியில் சமைத்துச் சாப்பிட அங்கே இடம் விடுகிறவர் கொடைக்கானல் பஜார் முத்து முகம்மது. காலையில் ஜீப்பில் அடுக்கியிருந்த சட்டிகளில் ஒன்றை இறக்கிக் கொடுத்து, நீலத் தார்ப்பாய் ஒன்றையும் விரித்துவிட்டுப் போயிருந்தார். கனத்த வார்ப்பிரும்புச் சட்டி. அடியிலும் கங்கு, மூடி மேலும் கங்கு போட்டுவிட்டால் கோழி தன்னால் வெந்துவிடும், பக்கத்தில் ஆள்கூட வேண்டாம் என்றார்.

தார்ப்பாய் வெறுமனே கிடந்தது. பையையும் காணோம், அவள் செல்போன் அதற்குள்தான் இருந்தது. ஏரிக்குப் போகலாம், ஏரிக்குப் போகலாம் என்று ஸ்வேதா காலையிலிருந்து நச்சரித்தது நினைவுக்கு வந்தது.

பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தாள். அவள் சுள்ளி பொறுக்கும்போதே மூடுபனி இறங்கி, பத்தடிக்கு அப்பால் மரம் எது மனுஷன் எது என்று தெரியாமல் ஆக்கியிருந்தது. கத்தின குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

தேடிப் போகலாம் என்றால் ஏரி எந்தப் பக்கம் என்றே பிடிபடவில்லை. பழனிக்காரிக்கு ஒன்று மட்டும் தெரியும். தைப்பூசக் கூட்டத்தில் கைவிட்டுப் போனால் ஒருத்தராவது நின்ற இடத்தில் நிற்க வேண்டும். தேடுகிறேன் பேர்வழி என்று ஆளுக்கொரு பக்கம் ஓடினால் விடிய விடிய அலைய வேண்டியதுதான். பிள்ளை எப்படியும் இந்தச் சட்டியைத் தேடித்தான் வரும், புகை தெரிந்தால் வழி தெரியும் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

கொண்டுவந்த சுள்ளியை எல்லாம் அள்ளித் தீயில் போட்டு, கண் எரிய எரிய ஊதினாள். வாசம் பிடித்தாவது வரட்டும் என்று இடுக்கியால் மூடியைத் தூக்கினாள். கோழியோடு உருளைக்கிழங்கும் கிடந்தது, முழுசு முழுசாக.

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கோழியில் கிழங்கு போடச் சொல்லி அந்த மனுஷன் காலையிலேயே கேட்டார். அதெல்லாம் முடியாது, குழைந்து கூழாகிவிடும் என்று மல்லுக்கு நின்றவள் இவள்தான். தலை மறைந்ததும் திருட்டுத்தனமாகப் போட்டுவிட்டிருக்கிறார். போடட்டும், ஒரு மூட்டைகூடப் போடட்டும். ஆள் வந்து சேர்ந்தால் போதும்.

மேட்டுக்கு அந்தப் பக்கம் நாலைந்து பேர் சேர்ந்து கூச்சல் போட்டார்கள். தகரத்தைத் தட்டும் சத்தமும் கேட்டது. காட்டுமாட்டைத்தான் விரட்டுகிறார்கள். காலையில் வரும்போதுகூட ஒன்று ரோட்டோரம் மலை மாதிரி நின்றது. விரட்டினால் அது நேரே ஏரிப் பக்கம்தானே இறங்கும்?

மூடியைக் கல்லின் மேல் வைத்து இடுக்கியால் ஓங்கி ஓங்கி அடித்தாள். கை சுட்டதுகூட உறைக்கவில்லை. முருகா, ரெண்டு பேருக்கும் மொட்டை போடுகிறேன், நானும் போட்டுக்கொள்கிறேன், மலையை அங்கப்பிரதட்சணம் பண்ணுகிறேன் என்று வாய்க்கு வந்ததை எல்லாம் வேண்டினாள். சத்தம் நின்றால் பிள்ளைக்கு வழி தெரியாதே என்று அடித்துக்கொண்டே இருந்தாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. தொண்டை கட்டி, கடைசியில் தேம்ப மட்டும்தான் முடிந்தது.

பனிக்குள் ஒரு டார்ச் வெளிச்சம் ஆடி ஆடி வந்தது. பின்னாலேயே மூச்சு வாங்க முத்து முகம்மது வந்தார். சண்முகவள்ளி ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாய், எம் புருஷனையும் பிள்ளையையும் காணோம் பாய். ஏரிக்குத்தான் போயிருக்காங்க. வெரசா நாலு ஆளக் கூட்டிக்கிட்டு வாங்க பாய்."

அவர் அவளைப் பார்த்தார், தார்ப்பாயைப் பார்த்தார், சட்டிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு மேட்டுப் பக்கம் திரும்பி, தட்டுவதை நிறுத்தச் சொல்லிக் குரல் கொடுத்தார். தகரச் சத்தம் நின்றது.

"கெடச்சிட்டாங்களா பாய்?" என்றாள்.

"இது மதுரைக்காரங்க அடுப்பும்மா. கங்கைப் போட்டுட்டு அவங்க ஏரியப் பாக்கப் போயிருக்காங்க" என்றார் முத்து முகம்மது. "உங்க வீட்டுக்காரரும் பாப்பாவும் மேட்டுக்கு அந்தப் பக்கம் உங்க சட்டிகிட்டதான் அழுதுக்கிட்டு உக்காந்திருக்காங்க."

அவளுக்கு இன்னும் விளங்கவில்லை. அவரே சொன்னார்.

"காணாமப் போனது நீங்கதாம்மா."