வாய் நிறையத் தேத்தண்ணி

வானொலி நாடகத்தில் சுருட்டு மாமாவாக வந்து ஊரையே சிரிக்கவைத்த நடிகர் செத்து ஒரு கிழமை. துறைமுகத்தில் வேலைசெய்யும் ஹிஸ்புல்லாவும் கூட்டாளிகளும் அவருடைய பகிடிகளைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கச்சான் காற்று புழுதி வாரியதால் ஹிஸ்புல்லாவின் வீட்டுக் கதவைத் தாழிட்டிருந்தார்கள்.

"தங்கச்சி, மாமாட குரலில ஒருக்காச் சொல்லு," என்றான் ஹிஸ்புல்லா.

குசினி வாசலில் நின்ற றஹ்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினைந்து வயதில் அவளைப்போல அந்தக் குரலை எடுக்க ஊரில் வேறு ஆளில்லை.

"செத்த மனுசன வச்சுக் கூத்தாடுறீங்களா? இப்ப அந்தக் குரல் நான் எடுக்காமலே வருது, நானா. எத்தின தரம் சொல்லிட்டன்," என்றாள் அண்ணனிடம்.

"அப்ப உனக்குக் கரைச்சலும் இல்லயே பிள்ள," என்றார் கூட்டாளிகளில் மூத்தவரான இராசதுரை. எல்லோரும் சிரித்தார்கள்.

அவள் கோப்பையை எடுத்து, வாய் நிறையத் தேத்தண்ணியை அடக்கிக்கொண்டு அவர்களை முறைத்தாள்.

"கதவத் திறவுங்கோ பிள்ளையள், நான்தான்," என்றது சுருட்டு மாமாவின் குரல். நாடகத்தில் அவர் வரும்போதெல்லாம் சொல்வது அது.

எல்லோரும் கைதட்டினார்கள். "அப்பிடியே அவர்தான்," என்று சிரித்தபடி ஹிஸ்புல்லா எழுந்து போய்த் தாழ்ப்பாளில் கைவைத்தான். றஹ்மா வேண்டாமென்று இரண்டு கைகளையும் ஆட்டினாள். அவள் வாயில் தேத்தண்ணி இன்னும் நிறைந்திருந்தது.