நடை திறந்தால் வரும் வாசகர்கள்

அந்தத் துரைக்கண்ணுவை இன்றைக்கு உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவது என்று பிரவீனா கிளம்பிவிட்டாள்.

பின்னே என்ன? அவளுடைய வலைப்பூவில் பலரும் பாராட்டிய கட்டுரை அது. காஞ்சிபுரத்துக்குச் சாமி கும்பிட வருகிறவர்களைக் கோயில் வாசலிலேயே மடக்கி, கமிஷன் தருகிற கடைக்கு இழுத்துப்போய், விசைத்தறிச் சேலையைக் கைத்தறிப் பட்டு என்று தலையில் கட்டுகிறார்களே, அந்த ஆட்களைப் பற்றியது. தலைப்பே ‘புரோக்கர்களை நம்பாதீர்கள்’.

அதற்குக் கீழேயே தினமும் விடிந்தும் விடியாமலும் ஒரு பின்னூட்டம் வந்து உட்கார்ந்திருக்கும்.

‘அருமையான பதிவு சகோதரி. அசல் பட்டுக்கு அணுகவும்: துரைக்கண்ணு.’ கூடவே செல்போன் நம்பர்.

அழிப்பாள். மறுநாள் முளைக்கும். தடுத்துப் பார்த்தாள், வேறு கணக்கிலிருந்து வந்தது. இதெல்லாம் ரோபோ போடுகிற ஸ்பேம், விட்டுத்தள்ளு என்றான் கூடப் படிக்கும் கமல். ரோபோ எதற்குப் பட்டுச்சேலை விற்கிறது என்று அவனோடும் ஒரு மூச்சு வாதாடினாள்.

இது அவள் பேர் கெடக்கூடிய நேரமும் இல்லை. கல்லூரி விழாவில் சிறந்த வலைப்பதிவருக்குப் பரிசு உண்டு. யார் பக்கத்துக்கு அதிகம் பேர் வருகிறார்கள் என்று வெள்ளிக்கிழமைக்குள் கணக்குக் காட்ட வேண்டும். எதிரே நிற்கிற தேவிப்ரியா எழுதுவது கோயில் இட்லியைப் பற்றி. சமூக நீதி போயும் போயும் இட்லியிடம் தோற்கக்கூடாது என்பது பிரவீனாவின் கட்சி.

தோற்கவும் இல்லை. ஒரு மாதமாக அவள் பக்கத்துக்கு வருகிறவர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போயிற்று. ஜனங்கள் விழித்துக்கொண்டுவிட்டார்கள் என்று வீட்டில் சொன்னாள். முதலில் நீ காலையில் விழித்துக்கொள்கிற வழியைப் பார் என்றாள் அம்மா மரியம்மாள்.

இன்று மத்தியானம் கமல் அந்தப் புள்ளிவிவரப் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு மோவாயைச் சொறிந்தான்.

“பிரவீ, தினமும் பன்னெண்டரைக்கு மேல உன் வாசகருங்க ஒருத்தரும் வர்றதில்லியே.”

“சாப்பிடப் போயிருப்பாங்க.”

“நாலு மணி வரைக்குமா? நாலடிச்சா திபுதிபுன்னு வர்றாங்க. கோயில் நடை சாத்தித் தொறக்குற மாதிரி இருக்குதுபா. எல்லாரும் நம்ம ஊருக்குள்ள இருந்துதான் பாக்குறாங்க. ஆனா முக்காவாசிப் பேரு போன் தெலுங்குல இருக்குது. உன் தமிழ எப்படிப் படிச்சாங்க?”

அறிவுக்கு மொழி தடையில்லை என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். கோயில் வாசல், வெளியூர்க்காரர்கள், அசல் பட்டு. யார் வேலை என்று புரிந்துபோயிற்று.

சரியாக நடை திறக்கும் நேரத்துக்கு ஏகாம்பரநாதர் கோயில் வாசலில் போய் நின்றாள்.

தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. நெற்றி நிறைய விபூதியோடு ஒருவர், கழுத்தில் அடையாள அட்டை மாதிரி ஒரு கியூஆர் கோடைத் தொங்கவிட்டுக்கொண்டு, வேனிலிருந்து இறங்கிய தெலுங்குக் குடும்பத்திடம் நீட்டிக்கொண்டிருந்தார். ஸ்கேன் செய்த போனில் எல்லாம் பிரவீனாவின் கட்டுரை.

அவர் தெலுங்கில் விளக்கியது, நெசவுக்காரத் தெலுங்கு வீடுகளுக்கு நடுவில் வளர்ந்த அவளுக்கு நன்றாகவே புரிந்தது. இது எங்கள் ஊரில் பெரிய படிப்புப் படிக்கிற பெண் எழுதியது. புரோக்கர் எவனையும் நம்பாதே என்று எழுதியிருக்கிறது. அப்புறம் யாரைத்தான் நம்புவது? அதற்குத்தான் கீழே ஒரு பேரும் நம்பரும் கொடுத்திருக்கிறது. அந்தத் துரைக்கண்ணு அடியேன்தான்.

குடும்பமே அவரைப் பார்த்துக் கும்பிட்டது. தரிசனம் முடித்துவிட்டு நேரே வந்துவிடுகிறோம் என்று உள்ளே போனது.

பிரவீனா குறுக்கே போய் நின்றாள். “அது என் கட்டுரை.”

துரைக்கண்ணு துளியும் அசரவில்லை. முகமெல்லாம் மலர்ந்தது.

“நீதானாம்மா அது? போட்டோல கொஞ்சம் பெரிய மனுஷியாட்டம் இருந்தே. ஏம்மா, தினம் என் நம்பர அழிச்சிக்கினே இருக்கியே, நியாயமா? நேத்து மறுபடி போட மறந்துட்டேன். வந்த பார்ட்டி கீழ நம்பரக் காணோமேன்னு என்னையே புரோக்கருன்னுட்டாங்க.”

அவள் பிடித்துக்கொண்டாள். நுகர்வோர் உரிமையில் தொடங்கி, சைபர் குற்றப்பிரிவு வழியாக, தறியில் உட்கார்ந்து நெய்கிறவரின் வயிற்றில் அடிக்கிற பாவம் வரைக்கும் போனாள். செருப்புக் காக்கிற அம்மாள்கூட வேலையை விட்டுவிட்டுக் கேட்டாள். அட்டையைக் கழற்றாவிட்டால் நேரே போலீஸ்தான் என்று முடித்தாள்.

துரைக்கண்ணு பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு கழுத்திலிருந்து அட்டையைக் கழற்றினார்.

“கோவப்படாதம்மா. உனக்குப் புடிக்கலேன்னா உட்டுட்றேன். இட்லி பத்தி தேவிப்ரியான்னு ஒரு பொண்ணு எழுதிக்கினு இருக்குது. அதுக்குக் கீழ நம்பரப் போட்டுக்கினாலும் நம்ம பொழப்பு ஓடும். வர்ற வேனெல்லாம் ஸ்கேன் பண்ணப் போவுது, யார் பக்கத்துக்குப் போனா எனக்கு இன்னா?”

பிரவீனா துரைக்கண்ணுவின் கையிலிருந்த அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் காலை, அந்த ஆளை என்ன பாடுபடுத்தினாளோ என்று பார்க்க கமல் அவள் வலைப்பூவைத் திறந்தான்.

துரைக்கண்ணுவின் பின்னூட்டம் நம்பரோடு அப்படியே இருந்தது. பாவம், அழிக்க மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்தபடி பக்கத்தைக் கீழே தள்ளினான்.

அதற்குப் பிரவீனாவின் பதில் வந்திருந்தது: ‘மிக்க நன்றி அண்ணா. தங்கள் மேலான ஆதரவைத் தொடர்ந்து எதிர்பார்க்கிறேன்.’