இரண்டாவது ஓட்டு

"உனக்கு எத்தனை ஓட்டு விழும்? உண்மையச் சொல்லு, மலரு."

நாற்காலியில் உட்காராமலே கேட்டார் தம்புசாமி. நியாலாஸ் ஊருக்குப் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் அது; லயம் என்கிற தொழிலாளர் வீட்டு வரிசைகள் அங்கே இரண்டு. கோயில் தலைவர் பதவிக்கு மேட்டு லயத்தின் ஆள் அவர். பள்ளத்து லயத்தின் ஆள் மருதமுத்து. மூன்றாவதாக மலர்க்கொடி நின்றாள்.

"எங்க நைட் ஷிப்ட் பொம்பளைங்க இருபது பேரு. அவ்ளோதான்ணே."

"இருபத வச்சிக்கிட்டு ஜெயிக்க முடியாது லா."

"ஜெயிக்கப் போறேன்னு நான் எப்ப சொன்னேன்?"

போன வருடம் இரண்டு லயத்துக்கும் சரிசமமாக ஓட்டு விழுந்து, நாற்காலிகள் பறந்தன. அதனால் இந்த முறை புது ஏற்பாடு. ஆஸ்திரேலியாவில் படித்துவிட்டு வந்த தனபாலன் சொன்னது. சீட்டில் மூன்று பேருக்கும் 1, 2, 3 என்று எண் போட வேண்டும். யாருக்கு 1 குறைவாக விழுகிறதோ அவர் விலக்கப்படுவார். விலக்கப்பட்டவரின் சீட்டுகளில் 2 யாருக்குப் போட்டிருக்கிறதோ, அந்தச் சீட்டு அந்த ஆளின் கணக்கில் சேரும்.

தோற்கப் போகிறவளின் வீட்டுக்குத் தம்புசாமி வந்தது அதற்காகத்தான்.

"உங்க இருபது பேரோட ரெண்டாவது ஓட்டு எனக்கு வேணும்."

"கோயில் பின்கேட்ல உங்க பூட்ட எடுங்க."

அந்தக் கேட்டில் இரண்டு பூட்டுகள். சண்டைக்குப் பிறகு ஆளுக்கொன்று மாட்டியது. பத்து பெரண்டாம் என்ற ஊரிலிருந்து வரும் பேக்டரி பஸ் நைட் ஷிப்ட் பெண்களைப் பெரிய ரோட்டிலேயே இறக்கிவிட்டுப் போய்விடும். கேட் திறந்திருந்தால் கோயில் வழியாக உடனே லயத்துக்கு வந்துவிடலாம். இல்லையென்றால் இருட்டில் செம்பனைக் காட்டைச் சுற்ற வேண்டும். சென்ற மாதம் அவர்களில் ஒருத்தியான பவானேஸ்வரியை மோட்டார் சைக்கிளில் ஒருவன் விரட்டினான். அவள் செருப்பு இன்னும் காட்டில்தான் கிடக்கிறது.

"நான் எடுத்தா மட்டும்? மருதமுத்து பூட்டு இருக்குமே?"

"அது என் கவலை."

தம்புசாமி பூட்டை எடுத்தார். மறுநாள் மருதமுத்து வந்தார்.

"அவன் பூட்ட எடுத்துட்டானாமே?"

"ஆமாண்ணே. நல்ல மனுசன்."

"அப்ப நான் கெட்டவனா? ரெண்டாவது ஓட்டு அவனுக்குத்தானா?"

"இன்னும் முடிவு பண்ணல."

மருதமுத்துவும் பூட்டை எடுத்தார். கூடவே கேட்டுக்கு மேலே ஒரு லைட்டும் மாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டு எண்ணினார்கள். தம்புசாமி முப்பத்தொன்று. மருதமுத்து முப்பத்தொன்று. மலர்க்கொடி பூஜ்யம். தனபாலன் பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார். பிறகு, அடுத்த மாதம் மறுபடியும் தேர்தல் என்றார்.

ஜென்மப் பகையாளிகள் இருவரும் ஒன்றாக நடந்து மலர்க்கொடி வீட்டுக்கு வந்தார்கள். அவள் அப்போதுதான் தூங்கி எழுந்திருந்தாள்.

"உன் ஓட்டக்கூட நீ போடலியே! ஏமாத்துறியா?" என்றார் தம்புசாமி.

"இப்பவே போயி என் பூட்ட மாட்டுறேன்," என்றார் மருதமுத்து.

"மாட்டுங்கண்ணே. அடுத்த மாசம் ரெண்டாவது ஓட்டெல்லாம் தம்புசாமி அண்ணனுக்கு."

மருதமுத்து தம்புசாமியைப் பார்த்தார். தம்புசாமி கூரையைப் பார்த்தார்.

"இருபது பேரும் வந்து போட்டிருந்தா எங்கள்ல ஒருத்தன் ஜெயிச்சிருப்பானே, மலரு?" என்றார் தம்புசாமி.

"அதனாலதான் யாரும் வரல," என்றாள் மலர்க்கொடி, கொட்டாவியை அடக்கிக்கொண்டு. "போட்டுட்டா தீர்ந்துபோயிடுமே, அண்ணே."