இஸ்திரியம்மாவின் பிள்ளைகள்

அடக்கம் முடிந்து திரும்பி, கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்தபோதுதான் அழுகை ஓய்ந்து பேச்சு ஆரம்பித்தது.

எண்பத்தெட்டு வயதுவரை வாழ்ந்த அம்மா, தெருவுக்கே இஸ்திரியம்மா. இஸ்திரிப் பெட்டியைத் தூக்கித் தூக்கி ஒரு தோள் மட்டும் இறங்கிப்போயிருக்கும்.

அப்பா கண்ணை மூடிய பிறகு, அந்தப் பெட்டிச் சூட்டிலேயே மூன்று பிள்ளைகளையும் ஆளாக்கியவள்.

மழைநாளில் காயாத பள்ளிச் சட்டையை அழுத்தித் தேய்த்து, சூடு ஆறுவதற்குள் மாட்டிவிடுவாளே என்றான் தம்பி. அந்தக் கதகதப்பு மதியம்வரை முதுகில் இருக்குமாம்.

மூவரில் மூத்தவர் பெரியவர். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் பார்வை கதவோரத்து நாற்காலியிலேயே இருந்தது.

அதில் துணிப்பையை மடியில் வைத்தபடி ஒரு வயதான பெண். யாரோ வாடிக்கைக்காரம்மா என்று நினைத்துத் தம்பி டீ கொடுத்திருந்தான். அது ஏடு படிந்து ஆறிக்கிடந்தது.

"பிள்ளைங்கள அடிப்பாங்களா?" என்று திடீரென்று கேட்டாள் அவள்.

தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அடிக்காமலா? மட்டம் போட்டதுக்கு அண்ணாவ ஹேங்கராலயே வெளுத்து வாங்கினா. அப்புறம் அவளே எண்ணெய் தடவிவிட்டு, அவன விட அதிகமா அழுதா!"

அந்தப் பெண்ணும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அதன்பின் பெரியவர் பேச ஆரம்பித்தார். நிறுத்தவேயில்லை.

தங்கை டைபாய்டில் கிடந்தபோது அம்மா கண் மூடாமல் உட்கார்ந்திருந்தது, தம்பியின் கல்யாணத்தில் சம்பந்தியோடு மல்லுக்கு நின்றது, ஒன்று விடாமல் கதவுப் பக்கம் பார்த்தே சொன்னார். ஒருநாள்கூட எங்களைப் பசியோடு படுக்கவிட்டதில்லை என்பதை மட்டும் இரண்டு முறை சொன்னார்.

வெயில் தாழ்ந்ததும் அவள் எழுந்தாள். பெரியவரே கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் வண்டியில் ஏற்றிவிட்டார்.

ஏறும்போது அவர் கன்னத்தைத் தொட வந்த கை, பாதியில் நின்று திரும்பிவிட்டது.

"யாருண்ணா அது?" என்றாள் வாசலுக்கு வந்த தங்கை.

அவளும் தம்பியும் இஸ்திரியம்மாவின் வயிற்றில் பிறந்ததாகவே இன்றுவரை நம்புகிறவர்கள். அப்பா இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டு, பழசு தெரியாத இந்த ஊருக்குக் குடிவந்தபோது தங்கை கைக்குழந்தை, தம்பிக்கு நடை பழகும் வயது.

பெரியவருக்கு ஏழு வயது. விட்டுப்போன பெற்றவளின் முகத்தை மறக்கிற வயதல்ல அது.

"அம்மாவுக்கு ரொம்ப வேண்டியவங்க" என்றார்.