நீர்நாயின் மீசை

நீர்நாயின் மீசையில் கடைசி முடி மட்டும்தான் பாக்கி.

உள்ளிருப்பதை எடுத்துக் கழுவிக் காயவைத்த நெருப்புக்கோழி முட்டை அது. மடியில் துணி விரித்து அதை வைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி ஊசிபோல் மெல்லிய அரத்தால் ஓட்டில் சித்திரம் இழைத்துக்கொண்டிருந்தாள் அவள். நாணலுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் நீர்நாய். அதன் தலைக்கு மேலே மீன்கொத்தி. இரண்டுமே ஊர் ஆற்றில் அவள் பார்த்துப் பழகியவை.

நாளைக்குக் கண்காட்சி. அடுத்த அறையில் கணவன் பெட்டிக்குள் பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தான். முட்டை போட்ட கோழிகூட இவ்வளவு நாள் அடைகாத்திருக்காது என்பது அவனுடைய வழக்கமான கேலி.

பாப்பா அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

தங்கமான பிள்ளை. போன மாதம் முட்டையில் துளைபோடும் மோட்டார் தெருவே பல்லைக் கடிக்கும்படி கிறீச்சிட்டபோதுகூட, பக்கத்திலேயே அயர்ந்து தூங்கினாள். இப்படியொரு குழந்தை கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று எதிர்வீட்டுக்காரி பெருமூச்சு விட்டாள்.

இவள் சிரித்துவைத்தாள்.

கடைசி முடியும் ஆயிற்று. முட்டையைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். விரலெல்லாம் இழைத்த தூள்.

வழுக்கிவிட்டது.

பீங்கான் தட்டு சிதறியதைப் போல ஒரு சத்தம்.

கண்ணை இறுக மூடிக்கொண்டாள். திறந்தபோது முட்டையை அவள் பார்க்கவேயில்லை.

"என்ன சத்தம்? உடைஞ்சிடுச்சா?"

ஓடிவந்த கணவன் வாசலிலேயே நின்றுவிட்டான். தரையெல்லாம் சில்லு. மனைவியோ சிரிக்கிறாள், கன்னத்தில் கண்ணீர் வழிகிறது. இவளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அவன் பதறியது முகத்திலேயே தெரிந்தது.

"கேட்டுச்சுங்க" என்றாள்.

"கேட்டுத்தானே ஓடி வரேன். போனா போகுது, விடு. வேற செஞ்சுக்கலாம்."

"உங்களுக்கில்ல. பாப்பாவுக்கு!"

பாப்பா முழுதாகத் திரும்பி உட்கார்ந்து, உதட்டைப் பிதுக்கியபடி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். போன வாரம் காது கேட்கும் கருவி மாட்டியதிலிருந்து கை தட்டியாயிற்று, தட்டைத் தட்டியாயிற்று, தொண்டை வறளக் கூப்பிட்டுமாயிற்று. எதற்கும் அவள் திரும்பியதில்லை.

அவன் அங்கேயே மண்டியிட்டான்.

"கண்ணு" என்றான், மெதுவாக.

பாப்பா இப்போது அவன் பக்கம் திரும்பி, ஓவென்று அழத் தொடங்கினாள்.